பந்தயத்திலிருந்து வந்த பெட்டைக் குதிரையில் குட்டி எடுக்க என்னென்ன பதிவு வேண்டும்?

செம்பனைக்காடு:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லாயத்தில் ஓய்வுபெற்ற தோரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) பெட்டை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்ததாம், காகிதம் கைக்கு வரவில்லை. 1.10 மீட்டர் தாண்டுகிறது. வார்ம்பிளட் (தாண்டுப் போட்டிக்கு வளர்க்கும் இனம்) பொலிக்குதிரையின் உறைவிந்து போட்டுத் தாண்டுக் குட்டி எடுக்க எண்ணம். முதலில் எதைப் பதிவது?

பிடரிமயிர்:
அடையாளத்தை. பெயரை நம்பாதீர்கள், கைமாறும்போது அதுவும் மாறும். கழுத்தின் இடப்பக்கம், உச்சந்தலைக்கும் முதுகு மேட்டுக்கும் நடுவில், உள்ளே வைத்த அடையாளச் சில்லைப் படிக்கும் ஸ்கேனரை ஓட்டுங்கள். 15 இலக்க எண் வர வேண்டும். வராவிட்டால் வலப்பக்கமும் பாருங்கள். பார்க்காமல் புதுச் சில்லு போட்டால் ஒரே குதிரைக்கு இரண்டு எண் ஆகிவிடும்.

அடுத்தது தோளில் சூடு போட்ட அடையாளக் குறி. ஆஸ்திரேலியக் குதிரைக்குப் பெரும்பாலும் இடத்தோளில் பண்ணைக் குறி, வலத்தோளில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு எண்கள். 7க்குக் கீழே 4 என்றிருந்தால், 4இல் முடியும் ஆண்டில் அந்தப் பண்ணையின் 7ஆம் குட்டி. மயிர் மறைத்தால் கிளிப்பரால் மழியுங்கள். அதை வைத்தே பூர்வீகத்தைத் தேடலாம்.

டிஎன்ஏவுக்குப் பிடரிமயிர் 30 இழையை விரலில் சுற்றி வெடுக்கென்று பிடுங்குங்கள். கத்தரித்தால் வீண், சரக்கு வேரில்தான். காகித உறையில் வையுங்கள். நம்ம ஊர் ஈரத்துக்குப் பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிக்கும்.

கட்டைக்கணக்கு:
அண்ணே, “1.10 தாண்டுகிறது” என்பது பதிவே இல்லை. எத்தனை முறை போட்டியில் இறங்கியது, எத்தனை முறை தட்டாமல் முடித்தது? தேதி, உயரம், மொத்தக் குதிரைகள், இடம், சவாரிக்காரர், தரை, எல்லாம் எழுத வேண்டும். தோற்ற நாளையும் விடக்கூடாது, நல்ல நாள் மட்டும் உள்ள நோட்டை வைத்துக் கழிக்கவும் முடியாது, தேர்ந்தெடுக்கவும் முடியாது.

தடையின் கட்டை விழுந்தாலும் 4 தண்டப் புள்ளி, குதிரை தாண்ட மறுத்தால் முதல் மறுப்புக்கும் 4. கூட்டி எழுதாதீர்கள். ஒன்று கால் தூக்குவது, மற்றது மனசு. முன்காலா பின்காலா தட்டியது என்றும் குறியுங்கள். மழைக்குப் பின் சேறான தரையில் வந்த 8ஐயும் காய்ந்த மணலில் வந்த 8ஐயும் ஒன்றாக வைக்க முடியாது. அதே சவாரிக்காரர் ஏறிய மற்றக் குதிரைகளோடு ஒப்பிட்டால்தான் பெட்டையின் சொந்தத் திறன் பிடிபடும்.

பிடரிமயிர்:
ஒன்று விட்டுப்போச்சு. அதே மயிரில் டபிள்யூஎஃப்எஃப்எஸ் சோதனையும் செய்யுங்கள். தோல் கிழிந்து குட்டி பிழைக்காத மரபுக் குறை அது. தாய், தந்தை இரண்டும் அதைச் சுமந்தால் குட்டிக்கு நான்கில் ஒரு பங்கு ஆபத்து. வார்ம்பிளட் நோய் என்று விடாதீர்கள், தோரோபிரெட்டிலும் இருக்கிறது. முழங்கால், பின்கால் மூட்டுகளுக்கு எக்ஸ்ரேயும் எடுத்துக் கோப்பில் வையுங்கள். சினை 11 மாதம், குட்டி பெரிய தடைகளில் தன்னை நிரூபிக்க 7, 8 வயதாகும். தப்பான ஜோடி என்று அப்போதுதான் தெரியும்.

செம்பனைக்காடு:
நன்றி ஐயா. செயற்கை முறையில் பிறந்தால் பதிவு கிடைக்குமா?

பிடரிமயிர்:
தோரோபிரெட் வம்சப் பதிவேட்டில் கிடைக்காது, அங்கே நேரடி இணைப்பு மட்டும்தான். உங்களுடையது கலப்பு, ஆகவே வார்ம்பிளட் ஏடுதான் வழி. பெட்டையை நேரில் பார்த்து ஏற்றால்தான் குட்டியைச் சேர்க்கும் ஏடுகளும் உண்டு. விந்துக்குப் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள்.