பல்லவனில் ஏது படுக்கை?

வாட்ஸ்அப் குழு: வளவு வீட்டுப் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு)

சனிக்கிழமை

கானாடுகாத்தான் தம்பி, மாலை 6:10
தங்கச்சி வீட்டார் நால்வருக்கும் வியாழக்கிழமை பல்லவன் ரயிலில் டிக்கெட் உறுதியாகிவிட்டது. படம் போட்டிருக்கிறேன். கவலையை விடுங்கள்.

சென்னைத் தங்கை, 6:14
நான் பார்த்தபோது காத்திருப்புப் பட்டியல் அனுமார் வால் போல இருந்ததே அண்ணே! எப்படிக் கிடைத்தது?

கானாடுகாத்தான் தம்பி, 6:16
முகநூலில் ஓர் ஏஜெண்டு பிடித்தேன். ஆளுக்கு 800 ரூபாய்.

சென்னை மருமகன், 6:21
அம்மான், எஸ் 5 பெட்டி, கீழ்ப் படுக்கை என்று போட்டிருக்கிறதே. பல்லவனில் ஏது படுக்கை? அது உட்கார்ந்து வரும் வண்டி. ரயில்வேயின் 139-இல் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன், அப்படி ஒன்று இல்லவே இல்லை.

பெரியப்பச்சி, 6:30
சீயத்துக்கு உளுந்து எத்தனை படி ஊற வைப்பது? யாராவது சொல்லுங்கள்.

காரைக்குடி ஆச்சி (தம்பியின் அக்கா), 6:43
உளுந்து இருக்கட்டும். தம்பி, நீலக் குறி விழுந்து இருபது நிமிடம் ஆகிறது. ஏன் வாயைத் திறக்கவில்லை?

கானாடுகாத்தான் தம்பி, 6:52
சொல்லவே கூசுகிறது ஆச்சி. அவனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். தவறு நடந்துவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு கியூஆர் கட்டத்தை அனுப்பினான். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டேன். வருவதற்குப் பதில் 9,800 போய்விட்டது. முன்பு கொடுத்த 3,200-உடன் 13,000. இன்னும் 5,000 அனுப்பினால் எல்லாம் ஒன்றாக வரும் என்கிறான்.

காரைக்குடி ஆச்சி, 6:55
ஒரு காசு அனுப்பாதே! பணம் வாங்க எவனாவது ரகசிய எண் கேட்பானா? நான் இத்தனை வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் சொன்னேன், என் கூடப் பிறந்தவனுக்குச் சொல்லாமல் விட்டேன். சரி, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடு. அவன் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. அவனோடு நடந்த பேச்சை அழித்துவிடாதே.

கானாடுகாத்தான் தம்பி, 7:04
லைன் கிடைக்கவில்லை ஆச்சி.

காரைக்குடி ஆச்சி, 7:05
கிடைக்கும்வரை அடி. பரிவர்த்தனை விவரத்தில் யுடிஆர் என்று 12 இலக்கம் இருக்கும். இரண்டுக்கும் எடுத்து வைத்துக்கொள். தொகை, நேரம், அவனுடைய யுபிஐ முகவரி, போன் எண் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசு.

கானாடுகாத்தான் தம்பி, 7:31
எடுத்தார்கள். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒப்புகை எண் குறுஞ்செய்தியில் வந்திருக்கிறது.

சென்னை மருமகன், 7:33
அம்மான், அந்த எண்ணை வைத்துச் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் முழுப் புகாரையும் பதிந்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளை நான் அடுக்கித் தருகிறேன். உரிமம் இல்லாமல் ரயில் டிக்கெட் விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதையும் எழுதுங்கள்.

அப்பத்தா, 7:50 (குரல் பதிவு, பெரியப்பச்சி எழுதியது)
பணம் போனால் போகிறது, பையன் ராத்திரி சாப்பிட்டானா என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை

கானாடுகாத்தான் தம்பி, காலை 11:20
வங்கிக்குப் போய் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட்டேன். நீங்களே ரகசிய எண் போட்டிருக்கிறீர்களே என்று மேலாளர் கையை விரிக்கிறார். 2017-இல் ரிசர்வ் வங்கி விதி வந்ததே, மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் பணம் கிடைக்காதா ஆச்சி?

காரைக்குடி ஆச்சி, 11:34
அது உனக்குத் தெரியாமல் கணக்கில் கை வைத்தால். நீயே கதவைத் திறந்து கொடுத்திருக்கிறாய், அதை வைத்து மேலாளரோடு மல்லுக்கட்ட முடியாது. 1930 வழியாக எவ்வளவு முடக்கினார்களோ அதுதான் நம் நம்பிக்கை.

கானாடுகாத்தான் தம்பி, மாலை 4:15
சிவகங்கை சைபர் குற்றப் பிரிவிலிருந்து பேசினார்கள். 6,400 ரூபாயை அவன் கணக்கில் முடக்கிவிட்டார்களாம். மீதியை ஏடிஎம்மில் எடுத்துவிட்டான். முடக்கியதைத் திரும்ப வாங்க மனு கொடுக்க வேண்டுமாம். மனு எழுத ஒரு வக்கீல் பார்க்க வேண்டும்.

பெரியப்பச்சி, 4:18
தேவகோட்டையில் நம் பங்காளிப் பையன் இருக்கிறான், நான் சொல்கிறேன். பாதியாவது மாட்டியதே.

காரைக்குடி ஆச்சி, 4:22
பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்கட்டணம் கட்டு என்று இனி வேறு ஒருவன் கூப்பிடுவான். அவனும் இவன் பங்காளிதான். எடுக்காதே.

கானாடுகாத்தான் தம்பி, 4:23
ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டான் ஆச்சி. வைத்துவிட்டேன்.

சென்னைத் தங்கை, 4:40
அண்ணே, நாங்கள் கிளாம்பாக்கத்தில் அரசு பஸ் ஏறி வருகிறோம். வியாழன் இரவுக்கு நான்கு இருக்கை, அரசுத் தளத்திலேயே எடுத்தாகிவிட்டது. வெள்ளி காலையில் காரைக்குடியில் இறங்கிவிடுவோம்.

கானாடுகாத்தான் தம்பி, 4:41
படுக்கையா, உட்காரும் இருக்கையா?

சென்னை மருமகன், 4:41
உட்காரும் இருக்கைதான் அம்மான். நன்றாகப் பார்த்துவிட்டேன்.

பெரியப்பச்சி, 4:50
இன்னும் உளுந்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.