கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அடித்தால் புதுசு, அடுத்த லிங்க்கில் மறுபடி பழசு

சிலந்திவலை:
சைட்டின் ஸ்டைல்.சிஎஸ்எஸ் கோப்பை மாற்றி சர்வரில் ஏற்றியாயிற்று. குரோமில் எஃப்5 அடித்தால் பழைய நிறம்தான். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அடித்தால் புதியது வருகிறது. ஆனால் மெனுவில் வேறு பக்கத்துக்குப் போனதும் திரும்பவும் பழையது. சர்வரில் இருப்பது புதிய கோப்புதான், பார்த்துவிட்டேன். மொபைல் குரோமில் என்ன செய்வது? வருகிறவர்களை எல்லாம் கேஷை (ப்ரவுசர் சேமித்து வைத்திருக்கும் நகல்களை) அழிக்கச் சொல்ல முடியாதே.

குடைமிளகாய்:
பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சாதாரண கேஷ் என்றால், ஹார்டு ரீலோடில், அதாவது கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆரில், வந்த புதிய கோப்பு பழையதன் இடத்தைப் பிடித்திருக்கும், அடுத்த பக்கமும் அதையே எடுத்திருக்கும். பழையது திரும்பி வருகிறதென்றால் நடுவில் ஒரு சர்வீஸ் வொர்க்கர் (ப்ரவுசருக்கும் சர்வருக்கும் இடையில் நின்று, தன் சொந்தக் கேஷிலிருந்து கோப்புகளைத் தரக்கூடிய ஸ்கிரிப்ட்) உட்கார்ந்திருக்கிறது. ஷிஃப்ட் சேர்த்து ரீலோடு செய்தால் அந்த ஒரு தடவை மட்டும் அதைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான்.

எஃப்12 தட்டி டெவ்டூல்ஸில் நெட்வொர்க் டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு லிங்க்கை அழுத்துங்கள். ஸ்டைல்.சிஎஸ்எஸ் வரியில் 'சைஸ்' பத்தியைப் பாருங்கள். 'டிஸ்க் கேஷ்' அல்லது 'மெமரி கேஷ்' என்றிருந்தால் என் கணிப்பு தப்பு. 'சர்வீஸ்வொர்க்கர்' என்றிருந்தால் ஆள் சிக்கிவிட்டார். வேலை செய்யும்போது அப்ளிகேஷன் டேப்பில் 'பைபாஸ் ஃபார் நெட்வொர்க்' டிக் செய்துகொள்ளலாம். அதுவும் சரி, 'டிசேபிள் கேஷ்' டிக்கும் சரி, டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான். மூடிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வருபவர்கள் நிறையப் பேர்.

எஃப்5 எதிர்பார்த்த அளவுக்கு உதவாததற்கு வேறு காரணமும் உண்டு. குரோம் 54 முதல் சாதாரண ரீலோடில் முதன்மைப் பக்கத்தை மட்டும்தான் சர்வரிடம் சரிபார்க்கும். காலாவதியாகாத சிஎஸ்எஸ், படங்கள் எல்லாம் கேஷிலிருந்தே வரும்.

சிலந்திவலை:
'சர்வீஸ்வொர்க்கர்' என்றுதான் காட்டுகிறது. ஒரு பிளகின் போட்டுவிட்டுப் போன எஸ்டபிள்யூ.ஜேஎஸ்தான் அந்த வொர்க்கரின் கோப்பு. அந்தக் கோப்பை அழித்துவிடவா?

நூல்கண்டு:
அழிக்க வேண்டாம். 404 (கோப்பு இல்லை) வந்தால் "அப்டேட் தோல்வி" என்று எடுத்துக்கொண்டு ப்ரவுசர் பழைய வொர்க்கரையே வைத்துக்கொள்ளும். வொர்க்கரே தேவையில்லை என்றால், கேஷ்களை அழித்துவிட்டுத் தன் பதிவைத் தானே நீக்கிக்கொள்கிற (அன்ரெஜிஸ்டர்) சின்ன கோடை அதே பெயரில் போடுங்கள்.

வொர்க்கர் தேவையென்றால் எஸ்டபிள்யூ.ஜேஎஸ்ஸில் அதன் கேஷ் பெயரை வி1-லிருந்து வி2 ஆக்கி, புது வொர்க்கர் பொறுப்பேற்கும் ஆக்டிவேட் நிகழ்வில் வி1-ஐ நீக்குங்கள். பலர் பெயரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கோப்பைத் தேடும் கேஷஸ்.மேட்ச் கட்டளை எல்லாக் கேஷ்களையும் உருவான வரிசையில் தேடும், எனவே பழையதுதான் முதலில் மாட்டும். புது வொர்க்கர், பழையதன் கீழுள்ள டேப்கள் எல்லாம் மூடும் வரை காத்திருக்கும், எஃப்5 போதாது. காத்திருக்காமல் வர, இன்ஸ்டால் நிகழ்வில் ஸ்கிப்வெயிட்டிங் கட்டளை போடுங்கள்.

இன்னொரு பள்ளம்: இன்ஸ்டாலில் ஆட்ஆல் கட்டளையால் கோப்புகளைக் கேஷில் சேர்க்கும்போது அவை ப்ரவுசரின் சாதாரண எச்டிடிபி கேஷ் வழியாகவே வரும். உங்கள் சிஎஸ்எஸ்ஸுக்கு 30 நாள் மேக்ஸ்-ஏஜ் (கேஷில் செல்லுபடியாகும் காலம்) இருந்தால், புத்தம்புதிய வி2-வுக்குள் பழைய கோப்பே போய் உட்காரும்! ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் கேஷ்: 'ரீலோடு' கொடுத்தால்தான் சர்வர் வரை போகும்.

குடைமிளகாய்:
ஆண்ட்ராய்டு குரோமில் 'கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' மட்டும் அழித்துப் பயனில்லை. வொர்க்கரின் சேமிப்பு சைட் டேட்டா கணக்கில் வரும். சைட் செட்டிங்ஸில் அந்த சைட்டின் டேட்டாவை நீக்குங்கள், லாகின் போய்விடும். சோதனைக்கு யூஎஸ்பியில் மாட்டி, கணினியில் குரோம்://இன்ஸ்பெக்ட் திறப்பது வசதி. மேக் சஃபாரியில் ஹார்டு ரீலோடுக்கு ஆப்ஷன்+கமாண்ட்+ஆர்.

நூல்கண்டு:
வருகிறவர்களுக்கு: எச்டிஎம்எல் பக்கத்துக்கு சர்வர் அனுப்பும் ஹெடரில் கேஷ்-கன்ட்ரோல்: நோ-கேஷ் போதும். சேமிக்காதே என்பது நோ-ஸ்டோர். நோ-கேஷ் என்றால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்து, அவ்வளவே. மாறாவிட்டால் 304 ('மாறவில்லை') வரும். சிஎஸ்எஸ் கோப்பின் பெயரில் உள்ளடக்கத்தின் ஹாஷை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீட்டை) சேர்த்து மேக்ஸ்-ஏஜ்=31536000 (விநாடியில் ஓராண்டு) வையுங்கள். முடியாவிட்டால் பெயருக்குப் பின்னால் ?வி=2. கடைசியாக, பிளகினை அப்டேட் செய்ததும் எஸ்டபிள்யூ.ஜேஎஸ்ஸைத் திறந்து பாருங்கள், உங்கள் திருத்தத்தின் மேல் எழுதியிருக்கலாம்.