முதலை எந்த மாவட்டம்?

கொள்ளிடக்கரை:
அணைக்கரையில் பாலத்துக்குக் கீழே மணல்திட்டில் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தது. அங்கே முதலை கிடப்பது நம்ம எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்ல வரவில்லை. கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சாவூர், வடகரை அரியலூர், கொஞ்சம் கிழக்கே போனால் கடலூர். நம்ம மாவட்டவாரி உயிரினப் பட்டியலில் பதிவு ஏற்றப் போனால் செல்போன் முதலில் தஞ்சாவூர் என்றது, நாலடி நகர்ந்ததும் அரியலூர் என்றது. அதற்குள் முதலை வாலை ஒரு வீசு வீசித் தண்ணீரில் இறங்கி வடக்கே போய்விட்டது. எதில் எழுதட்டும்?

பழையாறு:
மார்கழியில் எங்க உப்பங்கழியில் பூநாரை இறங்கியது. படம் போட்டதும் ஒருத்தர் "மயிலாடுதுறை மாவட்டத்தின் முதல் பதிவு, வாழ்த்துகள்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. மாவட்டமே 2020இல் வந்ததுதானே! இதே இடத்தில் பூநாரை பார்த்து மாமா எழுதிய நோட்டு வீட்டில் இருக்கிறது, பக்கத்துக்கு மேலே நீல மையில் "நாகை" என்று. 1991இல் தஞ்சாவூரிலிருந்து நாகை பிரிவதற்கு முந்தைய நோட்டில் "தஞ்சாவூர்".

வெண்ணாறு:
பழையாறு சொல்வதுதான் சரி, கொள்ளிடக்கரை அண்ணே, நீங்க மாவட்டத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீங்க. இங்கிலாந்தில் வாட்சன் என்கிற தாவரவியலாளர் 1852இலேயே பிரிட்டனை நிலையான துண்டுகளாகப் பிரித்து வைத்தார், மொத்தம் 112. அதன்பிறகு அரசாங்கம் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) எல்லைகளை எத்தனையோ முறை மாற்றியும் செடி கொடி, பூச்சிக் கணக்கெல்லாம் இன்னும் அந்தத் துண்டுகளில்தான் ஏறுகிறது, அதனால் பழைய பதிவையும் புதுப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. நாமும் 1991க்கு முந்தைய தஞ்சாவூர் மாவட்டத்தை ஒரே துண்டாக வைத்துக்கொள்ளலாம். மாவட்டம் பெயர் எதுவானாலும் ஊர், வாய்க்கால் பெயர், ஜிபிஎஸ் புள்ளி மூன்றையும் எழுதிவிடுங்க, எல்லையை அப்புறம் யாரும் போட்டுக்கொள்ளலாம். ஆற்று நடுவில் என்றால் எந்தக் கரையில் நின்று பார்த்தீங்க என்பதையும் சேருங்க. என் கதை சின்னது: கரைவெட்டியில் வரித்தலை வாத்து பார்த்தேன், "அது அரியலூர், டெல்டா பட்டியலில் வராது" என்று எடுத்துவிட்டார்கள். அந்த ஏரிக்குப் புள்ளம்பாடி வாய்க்காலில் வருவதும் காவிரித் தண்ணிதானே?

முத்துப்பேட்டை:
தண்ணியை வைத்து எல்லை போட்டால் எங்க அலையாத்திக் காட்டை என்ன செய்வீங்க வெண்ணாறு? அதுவே திருவாரூர், தஞ்சாவூர், நாகை மூன்றிலும் கிடக்கிறது. படகில் போகும்போது படகுக்காரரிடம் இது எந்த மாவட்டம் என்று கேட்டேன். துடுப்பாலேயே மூன்று பக்கமும் காட்டிவிட்டு, "மீனு எல்லாத்துலயும்தான் போவுது தம்பி" என்றார். ஜிபிஎஸ் புள்ளி போதும், துண்டெல்லாம் வேண்டாம்.

வெண்ணாறு:
மாமா நோட்டில் ஜிபிஎஸ் ஏது தம்பி? அதை எங்கே சேர்ப்பீங்க?