கூட்டுக் கற்றலா, கூடிக் கற்றலா?

வணக்கம்.

கற்பவர்கள் ஒன்றுசேர்ந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதைக் கொலாபரேட்டிவ் லேர்னிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று நாம் பேசிவருகிறோம். ‘கூட்டுக் கற்றல்’ போதும் என்று அக்கா எழுதியிருந்தார்; ‘இணைக் கற்றல்’ என்றார் ஐயா. முதலில் அக்காவின் சொல். பழகிய சொல்தான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேரும் பெருந்திரள் இணையப் படிப்புகளைப் (மூக்) பற்றி எழுத உட்கார்ந்தால் அது எனக்கு இடறுகிறது.

கூட்டுவது பிறவினை, இன்னொருவர் நம்மைச் சேர்க்கிறார். கூடுவது தன்வினை; நாமே சேர்கிறோம். 2008-ல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய அப்படியொரு படிப்பில் கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர். இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 2,200 பேர். அவர்கள் வலைப்பூக்களில் எழுதி, ஒருவருக்கொருவர் பதில் போட்டு, தாங்களாகவே குழுக்களானார்கள். 2013-ல் வேறொரு படிப்பு. அதுவும் இணையப் படிப்பை எப்படி வடிவமைப்பது என்று கற்றுக்கொடுக்கும் படிப்பு! சேர்ந்திருந்தவர்கள் சுமார் 40,000 பேர். கூகுள் விரிதாள் ஒன்றில் பெயரை எழுதிக் குழு சேரச் சொன்னார்கள். விரிதாள் தாங்கவில்லை; முதல் வாரத்திலேயே படிப்பு நின்றுபோனது. ஒருவேளை தாங்கியிருந்தாலும், பெயரைப் பட்டியலில் ஏற்றுவது கூட்டல்தானே, கூடல் ஆகுமா?

நானே பார்த்திருக்கிறேன். புள்ளியியல் படிப்பொன்றில் எனக்கு ஒதுக்கிய குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அதே படிப்பில் இருந்த ஐந்து பேர் ஞாயிறுதோறும் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் சந்தித்தோம். ஆளுக்கொரு விதமாகக் கணக்கைப் போட்டு, எங்கே பிசகியது என்று வாதாடித்தான் படிப்பை முடித்தோம்.

அதனால் ‘கூடிக் கற்றல்’ என்பது என் முன்மொழிவு. வினையெச்சத்தில் தொடங்கும் சொல் கலைச்சொல்லாக நிற்காது என்று யாராவது சொல்லலாம். ‘கண்டறிதல்’ நன்றாகவே நிற்கிறது. கூடிக் கற்போர், கூடிக் கற்றல் குழு என்று கிளைகளும் எளிதாக வருகின்றன. ஆசிரியர் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறைக்குக் ‘கூட்டுறவுக் கற்றல்’ இருக்கட்டும்.

ஐயா சொன்ன ‘இணைக் கற்றல்’ அழகானது. ஆனால் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ‘இணைப்பாட நடவடிக்கை’ என்று சொல்லிப் பழகியவர்கள், பாடத்துக்கு வெளியே நடப்பது என்று நினைத்துவிடுவார்கள். அச்சில் ஓர் எழுத்து கூடினால் ‘இணையக் கற்றல்’ ஆகிவிடும், அதுவும் இணையப் படிப்புகளைப் பற்றி எழுதும்போது!

சரி, இன்னொன்றும் முடிவாகவில்லை. கற்பவர்களே ஒருவர் வேலைக்கு ஒருவர் மதிப்பெண் போடுவதைச் ‘சகமாணவர் மதிப்பீடு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அறுபது வயதுக்காரரும் படிக்கும் இடத்தில் ‘மாணவர்’ பொருந்துமா? ‘சகபாடி மதிப்பீடு’ எப்படி?

அன்புடன்.