காதல் கதை எழுதும் அக்காக்களே, உங்களுக்குக் கதை எங்கிருந்து வருகிறது?

காவேரிப்பெண்:
வணக்கம். திருச்சியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே காதல் நாவல் படிக்கும் பழக்கம். இப்போது நானே ஒரு தொடர்கதை ஆரம்பித்திருக்கிறேன். ஹீரோ சென்னையில் பெரிய தொழிலதிபர், ஆறடி, கோபக்காரன். ஹீரோயின் அவனுடைய பி.ஏ. மூன்று எபி (எபிசோட்) ஓடியது, அதற்கு மேல் நகரவில்லை. அவன் முறைத்தாகிவிட்டது, திட்டியாகிவிட்டது, இவள் அழுதும் ஆகிவிட்டது. அடுத்து என்ன?

வேலைக்கும் போய்க்கொண்டு எழுதுகிறவர்கள் எப்போது எழுதுகிறீர்கள்? கதை எங்கிருந்து பிடிக்கிறீர்கள்? காதலித்த அனுபவம் இருந்தால்தான் எழுத முடியுமா? அப்புறம், வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்? எங்கள் அம்மா படித்தால் முதல் கேள்வியே "யாருடி அவன்?" என்பதாகத்தான் இருக்கும்.

அமராவதிக்கரை:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். என் அம்மாவும் அதையேதான் கேட்டார். "யாரும் இல்லை" என்றேன், நம்பவில்லை. இப்போது என் கதைகளை முதலில் படிப்பவர் அவர்தான். காதல் காட்சிகளை வாயே திறக்காமல் தாண்டிவிடுவார். "கல்யாண வீட்டில் காலைப் பந்தியில் யாராவது ரசம் ஊற்றுவார்களா?" என்று மட்டும் கேட்பார்.

எனக்கு 27 வயது. கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர். பெட்ஷீட், ஏப்ரன், கிச்சன் டவல் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். பையர் மெயிலுக்குப் பதில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, நிறம் ஒத்து வரவில்லை என்று சாயப்பட்டறைக்குப் போன் போடுவது இதெல்லாம் என் வேலை. வேலாயுதம்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் என்பதால் கூட்டம் அதிகம், பேச்சு அதைவிட அதிகம். எழுதுவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கைபேசியிலேயே. பஸ்ஸில் எழுத வராது, கேட்க மட்டும்தான் வரும். காதில் விழும் நல்ல வரியைக் குறித்துக்கொள்வேன். நின்றுகொண்டிருந்த ஒரு பெண் போனில் சொன்னாள்: "கோபமில்லைங்க, பேசப் பிடிக்கலை, அவ்வளவுதான்." அதிலிருந்து ஒரு முழு அத்தியாயம் எழுதினேன்.

சரி, உன் ஹீரோவுக்கு வருவோம். அவனிடம் கோபம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, வேலை இல்லை. 'தொழிலதிபர்' என்று போட்டால் போதுமா? காலையில் ஆபீஸ் போய் அவன் என்னதான் செய்கிறான்? அது உனக்குத் தெரியாததால்தான் அவன் முறைத்துக்கொண்டே நிற்கிறான். பாவம், வேறு வேலை கொடுத்தால் செய்வான்.

என் கதையையே சொல்கிறேன். கரூர் என்றால் ஜவுளி மட்டும் இல்லை, பஸ் பாடி கட்டும் ஊர். ஓசூர்ப் பக்கமிருந்து வெறும் சேஸிஸ் ஓடி வரும், பார்த்திருப்பாய். இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், ஒரு சீட், அவ்வளவுதான். கூரை கிடையாது, கதவு கிடையாது. டிரைவர் ஹெல்மெட், கண்ணாடி போட்டு, முகத்தில் துண்டு சுற்றிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் பைபாஸில் எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று வந்து நின்றது. வண்டியை விட்டுவிட்டு இவர் எப்படித் திரும்பிப் போவார் என்று தோன்றியது. சித்தப்பா ஒரு பட்டறையில் பெயின்டர், அவரிடம் கேட்டேன். "எப்படிப் போவான்? கையெழுத்து வாங்கிட்டு பஸ் ஏறிப் போவான்" என்றார். ஊருக்கெல்லாம் பஸ் கட்டுவதற்கு வண்டி கொண்டுவந்தவன், திரும்பும்போது இன்னொரு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறான். எனக்கு ஹீரோ கிடைத்துவிட்டான்.

அதற்கப்புறம் காட்சிகளை நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அவன் வேலையே எடுத்துக் கொடுத்தது. ஓட்டும்போது போன் எடுக்க முடியாது. ஆகவே ஹீரோயின் காத்திருக்க வேண்டும். அவன் முகமெல்லாம் கறுத்து, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். அதை அவள் முதலில் கிண்டல் செய்வாள், பிறகு கிண்டல் செய்வதை நிறுத்திவிடுவாள். வண்டி தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம், நாமக்கல் தாண்டி வர வேண்டும். தையல் யூனிட்டில் உட்கார்ந்திருக்கும் அவளுக்குக் கரூரில் மழை பெய்தால் கவலையில்லை. தருமபுரியில் பெய்கிறதா என்று போனில் பார்ப்பாள். பக்கத்து மெஷின்காரி, "உனக்குத் தருமபுரியில் யாருடி இருக்கா?" என்று கேட்பாள். யாரும் இல்லை என்பாள். 'காதல்' என்ற சொல்லே வராமல் அந்த எபி முடிந்தது. எனக்கு அதிகமாகக் கமெண்ட் வந்தது அதற்குத்தான்.

ஆனால் வாசகர்களில் பாதிப்பேர், கடைசியில் இவன்தான் பஸ் கம்பெனி முதலாளியின் மகன் என்று ட்விஸ்ட் வரும் என உறுதியாக இருந்தார்கள். வரவில்லை. ஒரு அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சங்கப் பாட்டு படி. பள்ளிக்கூட உரையை மறந்துவிட்டு மெதுவாகப் படி. அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே சொல்கிறது. குறுந்தொகையில் ஒரு பாட்டுக்கு நாலிலிருந்து எட்டு அடிதான். பெயர் இல்லை, ஆனாலும் அவன் கடற்கரைக்காரனா, மலைக்காரனா, எப்போது வருவான், அவன் வரும் வழியில் என்ன ஆபத்து எல்லாம் உனக்குத் தெரிந்துவிடும். என் தருமபுரி மழை அங்கிருந்து எடுத்ததுதான். கருவூர்க் கதப்பிள்ளை என்று எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு புலவர் அதில் இருக்கிறார். அவரைச் சொந்தக்காரர் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

காதல் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

பணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பாய். அமேசானில் சந்தா கட்டி மின்னூல் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் எத்தனை பக்கம் படிக்கப்பட்டதோ அதற்குத்தான் காசு. அதில் சேர்த்த கதை இணையத்தில் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. அதனால்தான் முடிந்த தொடர்களை எல்லோரும் சில நாளில் தொடர்கதை போடும் தளத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். வேலையை விடும் அளவுக்கு எனக்கு வருவதில்லை. வந்தாலும் விட மாட்டேன், பஸ்ஸில் போகாவிட்டால் யார் பேச்சைக் கேட்பது?

வாடகைநூலகம்:
நான் வாசகன். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில் வாடகை நூலகம் நடத்தி மூடியவன். கரூர்ப் பெண் நன்றாகச் சொன்னார். ஆனால் பணக்கார ஹீரோவை அவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டாம் அம்மா. ரமணிசந்திரன் நாவல்கள் என் கடை அலமாரியில் ஒருநாள் நின்றதில்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்து, படங்களோடு பைண்டு செய்து வைப்போம். அட்டை பிய்ந்து வரும், திரும்ப ஒட்டுவோம். வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் சமையலை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வரும் பெண்கள். அவர்களிடம் பேசியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: அந்த ஹீரோவின் காரும் பங்களாவும் அவர்களுக்கு முக்கியமே இல்லை. அவனுக்கு நேரம் இருந்தது. அவள் என்ன புடவை கட்டியிருக்கிறாள், ஏன் முகம் வாடியிருக்கிறது, சாப்பிட்டாளா என்று கவனிக்க அவனுக்கு நேரம் இருந்தது. வீட்டில் அது கிடைக்காதவர்கள் எட்டணா கொடுத்து வாடகைக்கு எடுத்துப் போனார்கள்.

படித்துக்கொண்டே எழுதுவது பற்றி ஒன்று. 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தபோதே ஆனந்த விகடனில் எழுதினார். அதில் வந்த பணம்தான் படிப்புக்கு உதவியது. பிறகு பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 1984இல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். உங்கள் அம்மா கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காவேரிப்பெண்:
ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. லட்சுமி பற்றி அம்மாவிடம் சொன்னேன். "அவங்க டாக்டருக்குப் படிச்சாங்க, நீ அரியர் வெச்சிருக்கே" என்றார்.

அக்கா, என் ஹீரோ கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. நேற்று உட்கார்ந்து யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆபீஸ், லீவில் பயிற்சிக்குப் போன ஆடிட்டர் ஆபீஸ்தான். அங்கே காதல் எல்லாம் வராது. எல்லோரும் பில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

அமராவதிக்கரை:
ஐயா சொன்ன 'நேரம்' என்பதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேரமே இல்லாதவன் கவனித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் தோன்றுகிறது.

அதனால், காவேரி, ஆடிட்டர் ஆபீஸிலேயே வை! 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, தாக்கல் செய்யக் கடைசி நாள். 19ஆம் தேதி இரவு அங்கே யார் வீட்டுக்குப் போகாமல் இருப்பார்கள், யார் டீ வாங்கி வருவார்கள், யாருடைய கிளையன்ட் அன்றைக்கும் பில் கொடுக்கவில்லை? இதெல்லாம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவள் கடைசி பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று அவள் அடுக்க வேண்டிய பில்களில் பாதியை அவன் சொல்லாமல் எடுத்துக்கொள்ளட்டும். முதலில் அதை மட்டும் எழுது. முறைப்பதெல்லாம் அப்புறம்.

யூடி (அப்டேட், அதாவது அடுத்த எபி) போடும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடு, வாரத்துக்கு இரண்டு போதும். செமஸ்டர் சமயத்தில் ஆரம்பிக்காதே, முதலில் அந்த அரியரை முடி. முதல் எபி போட்டதும் இங்கேயே லிங்க் கொடு, ஐயாவும் படிப்பார்.