வேன்ல வாங்குன 12 கோழிக்குஞ்சுல 5 செத்துருச்சு, எங்க தப்பு பண்றேன்?

வாடிப்பட்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சென்னைய விட்டு ஊரோட வந்து 4 மாசம் ஆச்சு, வீட்டுக்குப் பின்னாடி எடம் சும்மா கெடக்குதேன்னு தெருவுல வேன்ல வித்துக்கிட்டு வந்தவர்கிட்ட 12 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்குனேன், ஒரு நாள் குஞ்சுன்னுதான் குடுத்தாரு. இன்னையோட 13 நாள். அட்டைப்பெட்டில பேப்பர் விரிச்சு, மேல பல்பு தொங்கவிட்டு, நொய்யும் உடைச்ச கம்பும் தண்ணியும் வச்சேன். முதல் 3 நாள் நல்லா கீச்கீச்னு ஓடுச்சுங்க. நாலாம் நாள் காலைல ஒண்ணு செத்துக் கெடந்துச்சு, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், இதுவரைக்கும் 5 போயிருச்சு. எல்லாமே ராத்திரிலதான் சாகுது. விடிஞ்சு பெட்டியத் தொறந்தா ஒரே மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குதுங்க, அடில மாட்டுனது நசுங்கிப் போயிருக்கு. ரெண்டு குஞ்சுக்கு பின்பக்கம் எச்சம் காஞ்சு வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இது வெள்ளைக் கழிச்சலா? எங்க அம்மாச்சி ஊசியும் போடல பல்பும் போடல, வாசல்ல நொய்ய இறைச்சுவிட்டு முப்பது கோழி வளத்துச்சு, எனக்கு மட்டும் ஏன் இப்புடி?

கீழத்தெரு சேவல்:
அண்ணே முதல்ல ஒண்ணு சொல்லுங்க, அது என்ன பல்பு?

வாடிப்பட்டிக்காரன்:
9 வாட் எல்ஈடி தம்பி. புதுசு, நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு.

கீழத்தெரு சேவல்:
அதேதான்ணே. குஞ்சு என்ன பரீட்சைக்கா படிக்குது வெளிச்சம் குடுக்க, அதுக்கு வேணுங்கறது சூடு. எல்ஈடி பக்கத்துல கைய வச்சுப் பாருங்க, ஒண்ணுமே தெரியாது. பழைய குண்டு பல்பு 60 வாட் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேணும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைச்சுக்கிட்டே வரலாம், ஆனா தெர்மாமீட்டர்லாம் தேடி அலையாதீங்க, குஞ்சே சொல்லிரும். பல்புக்கு அடில குமிஞ்சு கெடந்தா குளுரு, பல்ப இறக்குங்க. பல்ப விட்டு ஓரமா ஓடி வாயப் பொளந்துக்கிட்டு நின்னா சூடு சாஸ்தி, ஏத்துங்க. பரவலாப் படுத்து தூங்குச்சுன்னா நீங்களும் போய்த் தூங்கலாம். ஒரு விஷயம், குண்டு பல்பு அட்டைய தொட்டுச்சுன்னா தீப்பிடிச்சிரும், கம்பில கட்டி உறுதியா தொங்கவிடுங்க. கரண்ட் போச்சுன்னா பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துணிய சுத்தி பெட்டிக்குள்ள வைங்க, நான் அப்புடித்தான் சமாளிக்கிறேன்.

பெட்டி மூலைய அட்டைய வளைச்சு வட்டமாக்கிருங்க. மூலை இருந்தாத்தான் அதுல போய் அமுங்குதுங்க. அப்புறம் வெறும் பேப்பர் வழுக்கும், கால் விரிஞ்சு போயிரும், அடில நெல் உமி போடுங்க. பின்னாடி ஒட்டுன எச்சத்த பிச்சு எடுக்காதீங்க தோலோட வந்துரும், வெதுவெதுப்பான தண்ணில பஞ்ச நனைச்சு ஊறவச்சு துடைச்சா வந்துரும். குளுந்து போன குஞ்சுக்கு இப்புடி ஒட்டுறது சகஜம், அத மட்டும் வச்சு கழிச்சல்னு முடிவு பண்ணாதீங்க.

கொடாப்புக்காரர்:
தம்பி சொல்றது சரிதானுங்க, ஆனா பல்பு மாத்துனதோட விட்டுறாதீங்க. 13 நாள் ஆச்சுங்கறீங்க, ஏழாம் நாள் போடற ராணிக்கெட், அதாவது வெள்ளைக் கழிச்சல் வராம இருக்கறதுக்கான சொட்டு மருந்து போட்டீங்களா? கண்ணுலயோ மூக்குலயோ ஒரே ஒரு சொட்டு, அவ்வளவுதானுங்க. 28ஆம் நாள் அதே நோய்க்கு லசோட்டாங்கற சொட்டு மருந்து, எட்டாவது வாரம் றெக்கைல ஊசி. எங்கூர் கால்நடை மருந்தகத்துல சனிக்கிழமை போடறாங்க, உங்க ஊர்ல என்னைக்குன்னு கேட்டுக்கோங்க. நீங்களே வாங்கறதா இருந்தா 100 டோஸ் பாட்டில்தான் கிடைக்கும், கலக்குனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீத்துறோணும், ஐஸ்ல வச்சுத்தான் கொண்டு வரோணும், அதனால அக்கம்பக்கத்து வீட்டுக் கோழியையும் சேத்து ஒரே நாள்ல போட்டுருங்க. அசந்து உக்காந்திருக்கற குஞ்சுக்கு போடாதீங்க, ரெண்டு நாள் சூடு குடுத்து தெளிஞ்ச பொறவு டாக்டர்கிட்ட காட்டிட்டு போடுங்க. நோய் வந்த பொறவு ஊசி போட்டு பிரயோசனம் இல்லீங்க. செத்தத வேலி ஓரம் வீசாம சுண்ணாம்பு போட்டு ஆழமா பொதைங்க.

பச்சிலை பிரியன்:
எதுக்குங்க இந்த கெமிக்கல்லாம். சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பிலை, பூண்டு, சின்ன வெங்காயம் அரைச்சு தீவனத்துல கலந்து குடுங்க, ஒரு நோய் அண்டாது. நான் 6 வருஷமா ஊசியே போட்டதில்ல.

கொடாப்புக்காரர்:
அரைச்சுக் குடுக்கறத நானும் குடுக்கறனுங்க, தீனி நல்லா எடுக்கும். ஆனா அத நம்பி ஊசிய விட்ட வருஷம் மாசி மாசத்துல எங்க காட்டுல 41 கோழி நாலே நாள்ல போச்சு. கழுத்து முறுக்கிக்கிட்டு சுத்திச் சுத்தி விழுந்துச்சுங்க, எச்சம் பச்சையும் வெள்ளையுமா. கோழிய மூடி வைக்கற கொடாப்பத் தூக்கற ஒவ்வொரு தடவையும் ரெண்டு கெடக்கும். உங்களுக்கு 6 வருஷம் வரலீன்னா அது பக்கத்துல நோய் வராததுனாலங்க.

பின்கட்டு அக்கா:
தம்பி உங்க அம்மாச்சி ஒண்ணும் பண்ணலன்னு யாரு சொன்னது, தாய்க்கோழிதான் அந்த பல்பு. இறக்கைக்கு அடியில பன்னெண்டு குஞ்ச வச்சுக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருக்கும், பருந்து நிழல் விழுந்தா ஒரு சத்தம் குடுக்கும், அத்தனையும் உள்ள ஓடிரும். எங்க பாட்டி வீட்டுலயும் முப்பது கோழி இருந்துச்சு, ஒரு கோடைக்கு மொத்தமும் போயி மறுபடி ரெண்டுல இருந்து ஆரம்பிச்சாங்க, அத யாரும் கதையா சொல்றதில்ல.

அடுத்த தடவை வேன்காரர்கிட்ட வாங்காதீங்க, அடைக்கு உக்கார்ற கோழியா ஒண்ணு வாங்குங்க. கூடையில மணல் போட்டு நடுவுல குழிவா பண்ணி, ஒரு வாரத்துக்கு மேல ஆகாத முட்டையா 11 வைங்க, முட்டைய கழுவக் கூடாது. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள சிலந்தி மாதிரி நரம்பு தெரியும், தெரியாதத எடுத்துருங்க. 21 நாள்ல பொரிச்சிடும். எங்க வீட்டுல முட்டைக்கு நடுவுல ஒரு கரித்துண்டும் காஞ்ச மிளகாயும் வைப்போம், இடி இடிச்சா கரு கலங்காதுன்னு. எனக்கு நம்பிக்கை கெடையாது, ஆனாலும் வைக்காம விட்டதில்ல.

மூணாவது வாரத்துல இருந்து ரத்தக் கழிச்சலப் பாத்துக்குங்க. தண்ணி சிந்தி உமி ஈரமானா வரும். தண்ணித் தட்டுக்கு அடியில செங்கல் வைங்க, ஈர உமிய அன்னன்னைக்கே அள்ளிருங்க.

வாடிப்பட்டிக்காரன்:
நாலு நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். குண்டு பல்பு மூணு கடைல இல்ல, நாலாவது கடைக்காரர் பரண்ல ஏறி தூசி தட்டி எடுத்துக் குடுத்துட்டு 'எதுக்கு சார், கோழிக்கா'ன்னு கேட்டாரு. வாடிக்கையா இதுக்குத்தான் வாங்குறாங்களாம். மாட்டுன அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாத்தேன், ஏழும் தனித்தனியா காலை நீட்டிப் படுத்துக் கெடக்குது, செத்துருச்சோன்னு பயந்து ஒண்ணத் தொட்டா முழிச்சு மொறைக்குது. அதுக்கப்புறம் ஒண்ணும் சாகல. நேத்து மருந்தகத்துல காட்டி சொட்டு மருந்தும் போட்டாச்சு, பக்கத்து வீட்டு அத்தை 9 குஞ்சு தூக்கிட்டு கூடவே வந்துச்சு. அக்கா, அடைக்கோழி விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், நாட்டுக்கோழில சின்ன ரகம் சிறுவிடை வாங்கவா, பெரிய ரகம் பெருவிடையா?

பின்கட்டு அக்கா:
சிறுவிடை. அடைக்கு நல்லா உக்காரும், முட்டைய மிதிச்சு உடைக்காது. அதுக்கு முன்னாடி கோழிய மூடி வைக்க ஒரு பஞ்சாரக் கூடை வாங்கி வைங்க, உங்க பக்கம் கீரி ஜாஸ்தி.