டெல்லி மயூர் விஹார் அடுக்ககத்தில் இட்லி மாவு வியாபாரம்: தடுக்கலாமா?

கீழ்வீட்டுக்காரன்: மேல் வீட்டில் மாவு அரைத்து விற்கிறார்கள். விடிகாலை ஐந்து மணிக்கே டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவைக் கொட்டும் பெரிய கிரைண்டர்) ஓடுகிறது, என் கட்டில் அதிர்கிறது. லிஃப்ட் முழுக்க மாவு வாளி. குடியிருப்பில் வியாபாரமே கூடாது, சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

முனிர்காவாசி: கூடாது என்று யார் சொன்னது? 2007-இல் வந்த டெல்லி மாஸ்டர் பிளான் 2021 (2021 வரைக்குமான நகர வளர்ச்சித் திட்டம்) வீட்டுத் தொழிலுக்கு இடம் கொடுக்கிறது. அப்போது 5 ஆள், 5 கிலோவாட் மின்சாரம் என்று வரம்பு இருந்தது, பிறகு தளர்த்தினார்கள். டாக்டர், வக்கீல், ஆடிட்டர் என்றால் அனுமதித்த பரப்பில் பாதி வரை அலுவலகமாக்கலாம். உங்கள் பிளாக்கில் ஆடிட்டர் போர்டு தொங்கினால் வாய் திறப்பீர்களா? மாவு மாமி என்றால் மட்டும் சட்டம் ஞாபகம் வருகிறது!

கீழ்வீட்டுக்காரன்: ஆடிட்டர் உளுந்து அரைப்பதில்லை சார்.

குமாஸ்தா: அண்ணே, முனிர்கா சொல்வதில் பாதிதான் சரி. மாசுபடுத்தும் தொழிலுக்கு வீட்டில் இடமே இல்லை. இது தனி மனையும் இல்லை, குரூப் ஹவுசிங், பல வீடுகள் சேர்ந்த அடுக்ககம். சொசைட்டி பைலாவையும் (சங்க விதிகளையும்) பார்க்க வேண்டும். 2006-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி வீடுகளில் நடந்த கடைகளுக்குச் சீல் வைத்தபோது, எல்லாரும் பண்றாங்களே என்ற வாதம் எடுபடவில்லை. அப்புறம் கரண்ட். வீட்டு இணைப்பை வேறு உபயோகத்துக்குத் திருப்பினால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். மாமி முதலில் வீட்டு இணைப்பை வியாபார இணைப்பாக மாற்றட்டும்.

முனிர்காவாசி: வாடகைக் கடை எடுக்க வசதி இருந்தால் மாமி ஏன் மூன்றாவது மாடியில் அரைக்கிறாள்? சத்தம்தான் குறை என்றால் சத்தத்தைப் பேசுங்கள். கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் ஷீட் போட்டாலே அதிர்வு பெரிதும் குறையும். அதற்கு நோட்டீஸ் எதற்கு? அது போகட்டும், உங்கள் வீட்டு இட்லிக்கு மாவு எங்கே வாங்குகிறீர்கள்?

கீழ்வீட்டுக்காரன்: அங்கேதான். மாவு நன்றாகத்தான் இருக்கிறது, அதற்காகத் தூக்கத்தை விட முடியாது. ரப்பர் போடட்டும், ஏழு மணிக்கு மேல் அரைக்கட்டும். மாட்டேன் என்றால் நோட்டீஸ்தான்.